சின்னவன் பங்கு வெள்ளி

வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. எனக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வந்தவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் தடிமனான ஒரு புத்தகம். உலகத்து நாணயங்களுக்கெல்லாம் படமும் விலையும் போட்டு வெளிநாட்டில் அச்சடித்தது. "இனிமே நம்ம வேலை லேசு சார். யாராச்சும் பூட்டன் காசு, தாத்தா காசுன்னு கொண்டாந்தா, பக்கத்தப் புரட்டி விலையச் சொல்லிரலாம்" என்றார். புரட்டிப் பார்த்தேன். ஆற்காட்டு ரூபாய்க்கு ஒரு பக்கம், திருவிதாங்கூர்ச் சக்கரத்துக்கு ஒரு பக்கம். போட்டிருந்த விலைகளில் பெரிய தப்பில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே, "இந்த மாதிரிக் காசுக்கெல்லாம் உங்க காலத்துல எப்படி சார் மதிப்புப் போட்டீங்க?" என்று கேட்டார்.

போகிற போக்கில் கேட்ட கேள்விதான். தராசு, உரைகல், தண்ணீர்ச் சோதனை என்று பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதி வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பெரியகுளம். அப்பாவுக்கு மாந்தோப்பில் காவல் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றதும் தேனிக் கடைவீதியில் ஒரு நகைக்கடையில் சேர்த்துவிட்டார். முதல் சில வருஷம் துருத்தி ஊதினேன், அடுப்படிச் சாம்பலைச் சலித்துப் பொடி வெள்ளி எடுத்தேன், கடைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்னை மதிப்புப் போடும் மேஜைக்கு மாற்றினார்கள். அந்த மேஜைக்கு உரியவர் மாணிக்கம் பத்தர்.

பத்தரய்யா ஒல்லியான மனிதர். அடுத்தவர் பொருளைத் தொடுவதற்கு முன்னால் தன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை நேரத்தில் வெற்றிலை கிடையாது. கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "மொகத்தப் பாத்தா விலை கூடும், இல்ல கொறையும்" என்பார். என் வேலை சரியில்லை என்றால் திட்டுவதும் இல்லை. நான் நிறுத்து வைத்த பொருளை ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளிவிடுவார். மறுபடி நிறுக்க வேண்டும். அவர் விரல் அசையாமல் இருந்தால் நான் தப்பித்தேன் என்று அர்த்தம்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "விலை எதுக்கு வேணும்? விக்கவா, பங்கு வைக்கவா?" விற்க என்றால் வெள்ளியின் எடைக்கு விலை. பங்கு வைக்க என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காசின் வயது, முத்திரை, தேய்மானம், கிடைக்கிற அருமை எல்லாம் கணக்கில் வரும். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றால், "அப்ப எதுக்கு? கொண்டுபோயி வையுங்க" என்று துணியை மூடிக் கொடுத்துவிடுவார்.

கம்பத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தது நினைவிருக்கிறது. நெல் குதிருக்கடியில் அவருடைய பாட்டன் புதைத்து வைத்திருந்த ரூபாய்கள். துண்டில் முடிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பத்தரய்யா ஒன்றை எடுத்துக் கல்லில் போட்டார். சத்தம் மண்ணாங்கட்டி போல விழுந்தது. அத்தனையும் ஈயத்தில் வார்த்து வெள்ளி பூசியது. பத்தரய்யா உடனே எதையும் சொல்லவில்லை. முதலில் அவரை உட்காரச் சொல்லி, எத்தனை பிள்ளைகள், என்ன வெள்ளாமை என்று பேச்சுக் கொடுத்தார். அப்புறம் ஒரு நல்ல ரூபாயையும் அவர் ரூபாயையும் கல்லில் போட்டுக் காட்டி, "ரெண்டையும் நீங்களே கேளுங்க" என்றார். அந்த மனிதர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காசுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

காசுக்கு மதிப்புப் போடுகிற முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். கறுப்புத் துணி விரித்துக் காசுகளைப் பரப்ப வேண்டும். எவ்வளவு கறுத்திருந்தாலும் தேய்க்கக் கூடாது. புளி, சாம்பல் எதுவும் படக் கூடாது. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. முதலில் விளிம்பைப் பார்ப்போம். வார்ப்புக் காசாக இருந்தால் விளிம்பில் மயிரிழை போல ஓர் ஒட்டு ஓடும். அடுத்தது கல்லில் போட்டுச் சத்தம் கேட்பது. நல்ல வெள்ளியின் சத்தம் தட்டியதும் மேலே எழும்பி, மெலிந்துகொண்டே போய் அடங்கும். பிறகு தராசு. சந்தேகம் என்றால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுப்போம். பத்துப் பங்கு எடை தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒரு பங்கு குறைந்தால் வெள்ளி. அதற்கு மேல் குறைந்தால் கலப்பு. அதற்கும் அடங்காததற்குத்தான் உரைகல்லும் திராவகமும். பத்தரய்யாவுக்கு இதில் முக்கால்வாசி தேவைப்படாது. அவர் காது போதும்.

யுத்தம் வந்ததும் வெள்ளியின் கதை மாறிவிட்டது. ராணி தலை போட்ட பழைய ரூபாய் இனிச் செல்லாது, கஜானாவில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சர்க்கார் சொன்னது. புது ரூபாயில் பாதிதான் வெள்ளி. ஒரு ரூபாய்க்கும் காகித நோட்டு வந்தது. பண்ணைப்புரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்த ரூபாய்களை மடியில் கட்டிக்கொண்டு வந்து, "இது செல்லுமாய்யா, இது செல்லுமாய்யா" என்று நின்றார்கள். நோட்டை யாரும் நம்பவில்லை. வெள்ளி வைத்திருந்தவர்கள் வெளியே விடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏலக்காய் மூட்டைகள் போடியிலேயே தேங்கின.

அந்தச் சமயத்தில்தான் போடியிலிருந்து தேவராஜ் கடைக்கு வந்தார். ஏலக்காய் வியாபாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அப்பா மாசிலாமணி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலை மேலிருந்து ஏலக்காய் கொண்டுவருகிறவர்கள் கையில் வரும் விநோதமான வெள்ளிக் காசுகளை அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் ஒதுக்கி வைத்துச் சேர்த்திருக்கிறார். அந்தப் பெட்டி இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு.

"விக்கவா, பங்கு வைக்கவா?" என்று பத்தரய்யா கேட்டார்.

"பங்கு வைக்க. என் பங்க விக்கணும். ரயில் இல்லாமத் தொழில் படுத்துருச்சுங்க. பெட்ரோலுக்குப் பதிலா கரி கேஸ்ல ஓடுற லாரி ஒண்ணுல பாதிப் பங்கு கெடைக்குது. தம்பி பங்கு அப்படியே இருக்கட்டும்."

"தம்பி எங்கன இருக்காக?"

தேவராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ரங்கூன்ல."

பத்தரய்யா அன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. தேவராஜின் தம்பி சாமுவேல் அங்கே ஒரு மரக் கம்பெனியில் கிளார்க். மனைவி ரெஜினாவும் சிறு பெண் குழந்தையும் கூட இருந்தார்கள். குண்டு விழ ஆரம்பித்த பிறகு கடிதம் இல்லை. மாசிலாமணி படுத்ததே அந்தக் கவலையில்தான் என்று தேவராஜ் சொன்னார்.

கரியில் ஓடுகிற பஸ்ஸில் போடிக்குப் போனோம். வீட்டின் கூடத்தில் கறுப்புத் துணியை விரித்தோம். அவர்களுடைய அம்மா அன்னபாக்கியம் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வேலையை முடிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. பெட்டியில் இருந்தவை எல்லாம் நல்ல வெள்ளி. ஆற்காட்டு ரூபாய்கள், கம்பெனிக் காலத்து ரூபாய்கள், பிரெஞ்சுக்காரன் அடித்த 'பணம்' என்கிற குட்டிக் காசுகள், அரபிக் கப்பலில் வந்த ஒரு தடித்த வெள்ளி, மிளகு அளவே இருக்கும் திருவிதாங்கூர்ச் சக்கரங்கள் ஒரு சின்னப் பை நிறைய. பத்தரய்யா ஒவ்வொன்றையும் எடுத்துக் கல்லில் போட்டுக் கேட்டுக் கீழே வைத்தார். அப்படி ஒரு தொகுப்பை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பது அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

சிக்கல் பங்கில்தான். ஒரு காசு போல இன்னொன்று இல்லை. எடையில் சரியாக வந்தால் மதிப்பில் வராது. மதிப்பில் வந்தால் எண்ணிக்கையில் வராது. பத்தரய்யா மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் துல்லியமாக இரண்டு குவியல் செய்தார். "யாரு எத எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கையைத் துடைத்தார்.

அன்னபாக்கியம் அம்மா எழுந்து வந்து துணியருகே உட்கார்ந்தார். ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிலிருந்து நல்ல நல்ல ரூபாய்களை எடுத்து மறுபக்கம் வைத்தார். அங்கிருந்து சக்கரப் பையை எடுத்துக்கொண்டார். முகமே தெரியாமல் தேய்ந்த ஒரு பிரெஞ்சுப் பணத்தை எடுத்தார். யாரோ தாலியில் கோத்திருந்து ஓட்டை விழுந்த அரை ரூபாயை எடுத்தார்.

"அம்மா, அப்படி எடுத்தா மூத்தவுக பக்கம் கூடிப்போகுது" என்றார் பத்தரய்யா.

"கூடட்டும்."

"கொஞ்ச நஞ்சமில்லம்மா. பாதிக்குப் பாதி போயிரும்."

"போகட்டும்யா. இதெல்லாம் சாமுவேலு வெளாண்ட காசு. அவுக அப்பா வெளிய போனதும் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். வந்தான்னா இதத்தான் முதல்ல தேடுவான்."

தேவராஜும் விடவில்லை. "வேணாம்மா. பத்தரய்யா வச்சபடியே இருக்கட்டும். நாளைக்கு அவன் வந்து, அண்ணன் ஏமாத்திட்டான்னு நெனைக்கக் கூடாது" என்றார்.

"அவன் அப்படி நெனைக்கிற பிள்ளையாடா?" என்றார் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. சின்னவன் பங்கை ஒரு தலையணை உறையில் போட்டு முடிந்து உள்ளே கொண்டுபோனார். மூத்தவர் பங்கு எங்கள் கடை வழியாக மதுரைக்குப் போய் விற்றது. தேவராஜ் லாரியில் பங்கு வாங்கினார்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம் தேவராஜ் ஒரு நாள் கடைக்குள் ஓடிவந்தார். "தம்பி வந்துட்டான்! பத்தரய்யா, தம்பி வந்துட்டான்!" கடையில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். பத்தரய்யா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரெஜினா, பிள்ளை?" என்று யாரோ கேட்டார்கள். தேவராஜின் சிரிப்பு நின்றது. "அவுக வரலன்னு மட்டும் சொல்றான். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

தேவராஜ் வந்தது அதைச் சொல்ல மட்டும் இல்லை. தம்பி பங்கு குறைந்து போனது அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தம்பி முன்னிலையில் அந்தக் காசுகளை மறுபடி மதிப்பிட வேண்டும், வித்தியாசத்தை லாரி வருமானத்திலிருந்து தான் ஈடுகட்ட வேண்டும் என்றார். அந்த மாதிரி ஓர் அண்ணனை நான் என் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

மறுபடி போடிக்குப் போனோம். அதே கூடம். சாமுவேல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழியில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்ததில் தலையை மழித்திருந்தார்கள். கால் இரண்டிலும் புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தது. அண்ணனை விட ஏழெட்டு வயது இளையவர், அண்ணனுக்கு அப்பா போல இருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "என்னமோ பங்கு கூடிப்போச்சு, கொறஞ்சுபோச்சுங்குது அண்ணன். எனக்கு ஒண்ணும் வேணாம். அண்ணன் திருப்திக்குப் பாருங்க" என்றார்.

பத்தரய்யா மோதிரத்தைக் கழற்றினார். நான் துணியை விரித்தேன். அம்மா தலையணை உறையைக் கொண்டுவந்து அவிழ்த்து, மகன் கண்ணில் படும்படி காசுகளைப் பரப்பி வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமுவேல் பார்த்தார். கையை நீட்டவில்லை. அம்மா காப்பி கொண்டுவர உள்ளே போனார்.

பத்தரய்யா ஒரு காசை எடுத்துக் கல்லில் போட்டார். அது பாடி அடங்கியது. இரண்டாவதை எடுத்துப் போட்டார்.

"அந்தப் படகுக்காரனும் இப்படித்தான் தட்டிப் பாத்தான்" என்றார் சாமுவேல்.

எங்களுக்குப் புரியவில்லை. பத்தரய்யாவின் கை அடுத்த காசோடு நின்றது.

"நடந்து வர்ற வழியில ஒரு பெரிய ஆறு. பேரு கூட மறந்துபோச்சு. அக்கரை போயிட்டா நம்ம எல்லைப் பக்கம் வந்துரலாம்னாக. கரை முழுக்கச் சனம். படகுக்காரன் பலகையில ஒவ்வொரு ரூவாயாப் போட்டுத் தட்டுவான். வெள்ளிச் சத்தம் வந்தாத்தான் ஆள ஏத்துவான். எங்கிட்ட நோட்டு இருந்துச்சு. இடுப்பச் சுத்தி நோட்டு. அத்தன வருசச் சம்பளம். எல்லாத்தையும் அவுத்து நீட்டுனேன். வாங்கித் தண்ணியில போட்டான்."

தேவராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆளுக்கு ஒரு வெள்ளி ரூவா. பிள்ளைக்குக் கூடக் கேக்கல. ரெண்டே ரெண்டு ரூவா இருந்தாப் போதும். ரெஜினா கழுத்துல கெடந்தத அதுக்கு முந்தியே வழியில பிடுங்கிட்டானுக. கரையிலயே கெடந்தோம். எல்லாரும் ஆத்துத் தண்ணியத்தான் குடிச்சாக. முதல்ல பிள்ளைக்கு வயித்தால போச்சு. பின்னாடியே இவளுக்கு. கையாலதான் தோண்டுனேன். ரெண்டு பேரையும் ஒரே குழியில... தோண்டி முடிச்சுட்டு உக்காந்திருந்தேன். பட்டாளத்துப் படகு ஒண்ணு வந்துச்சு. காசே கேக்கல. ஏறுன்னாக. ஏறுனேன்."

அவர் அழவில்லை. துணி மேல் கிடந்த காசுகளைக் காட்டி, "சொல்லுங்க பத்தரய்யா. இதுல ஒண்ணுக்கு என்ன விலை போடுவீக?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "தம்பி..." என்றார் பத்தரய்யா. கையில் இருந்த காசைக் கல்லில் படாமல் மெதுவாகத் துணி மேல் வைத்தார்.

அம்மா உள்ளிருந்து வரும் நடையில் காப்பித் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தட்டைத் தரையில் வைத்தார். பேத்தி பிறந்தது ரங்கூனில். அவர் பார்த்ததே இல்லை.

"பாட்டி பேரச் சொல்லத் தெரியுமாடா அதுக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்மா" என்றார் சாமுவேல்.

அன்றைக்கு மதிப்புப் போடாமல் திரும்பிவிட்டோம். தேனி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் பத்தரய்யா கழற்றிய மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து, உச்சி வெயிலில் அன்னபாக்கியம் அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். அந்தத் தலையணை உறையை மேஜை மேல் வைத்தார். "உருக்கிருங்கய்யா" என்றார்.

பத்தரய்யா பழங்காசு எதையும் உருக்கியதில்லை. கடை முதலாளி சொல்லியே மறுத்திருக்கிறார். "அம்மா, உருக்க வேணாம். கடைப் பெட்டியில பூட்டி வைக்கிறேன். இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு எப்ப வேணுமோ..."

"இருக்கக் கூடாது. என் வீட்டுலயும் இருக்கக் கூடாது, எங்கயும் இருக்கக் கூடாது. அவன் இன்னொருக்க அந்தச் சத்தத்தக் கேக்கக் கூடாது."

"அவுகளக் கேட்டீகளாம்மா?"

"எப்படிக் கேப்பேன்?" என்றார் அம்மா. "பத்தரய்யா, நான் யாருகிட்டயும் சொல்லல. அவன் ரங்கூனுக்குப் பொறப்பட்ட அன்னைக்கு டிரங்குப் பெட்டியில துணிக்கடியில நாலஞ்சு ரூவாய எடுத்து வச்சிருந்தான். அப்பா ஞாபகத்துக்குன்னு நெனச்சிருப்பான். நாந்தான் பாத்துட்டேன். காசு கொறஞ்சா அவுக அப்பா வையுவாகன்னு, அவன் சாப்பிட உக்காந்திருக்கும்போது எடுத்து மறுபடியும் பெட்டியில போட்டுட்டேன். இந்தக் கையாலதான் எடுத்தேன்."

கையை விரித்து எங்கள் முன் காட்டினார். பத்தரய்யா அந்தக் கையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னிடம், "அடுப்பப் பத்த வையி" என்றார்.

நான்தான் துருத்தி ஊதினேன். பத்தரய்யா காசுகளை உருக்கும் மண் கிண்ணமான மூசையில் போட்டு, அழுக்குப் பிரிய வெங்காரப் பொடி தூவினார். முதலில் சக்கரங்கள் போயின. பெரிய காசுகள் சிவந்து, பிறகு வெளுத்து, அவற்றின் எழுத்தும் தலையும் ஒரு கணம் முன்னை விடத் தெளிவாகத் தெரிந்து, அப்படியே சரிந்தன. அம்மா முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். பாளமாக வார்த்து ஆறியதும், "இதுக்குப் பணத்த மூத்தவன்கிட்ட குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். பிறகு தேவராஜ் வந்து வாங்கிக்கொண்டார். தம்பியின் கால் வைத்தியத்துக்கு அது உதவியது என்றார். காசுகள் பத்தரய்யாவிடம் பத்திரமாக இருக்கின்றன என்றுதான் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் சாமுவேலுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம்.

அந்த அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பத்தரய்யாவும் வாதத்தில் ஒரு பக்கம் கை விழுந்து வீட்டோடு இருந்துவிட்டார். நான் அவர் மேஜைக்கு வந்தேன்; வங்கிக்குப் போனது அதற்கு வெகு காலம் கழித்து.

யுத்தம் முடிந்து ஒரு நாள் காலையில், கடை திறந்து கொஞ்ச நேரத்தில், அண்ணனுடைய லாரியில் வந்து சாமுவேல் இறங்கினார். லேசாகக் கால் இழுத்தது. உடம்பு தேறியிருந்தது. சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பத்தரய்யாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"அம்மா இருக்கும்போது கேக்க மனசு வரல. கேட்டா அவுகளுக்கு எல்லாம் திரும்ப ஞாபகம் வரும். அந்தக் காசெல்லாம் இங்கனதான் இருக்குன்னு அண்ணன் சொல்லுச்சு. எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அன்னைக்கு நீங்க தொடக் கூட இல்லையேண்ணே" என்றேன்.

"அன்னைக்கு முடியல." அவர் மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "ரங்கூன்ல பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் காசுகளோட கதைதான். ஊருக்குப் போனதும் தாத்தா பெட்டியத் தொறந்து உன் மடியில கொட்டுறேன்னு சொல்லுவேன். காட்டுக்குள்ள கால் வலிக்குதுன்னு நின்னுச்சுன்னா அதச் சொல்லித்தான் நடக்க வைப்பேன். கரையில படுத்திருக்கும்போதும் அதையேதான் கேட்டுச்சு. எத்தன காசுப்பா, எத்தன காசுப்பான்னு. அது ஞாபகமா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு சட்டை கூட இல்ல. இதையாச்சும் வச்சுக்கிரலாம்னு தோணுது."

சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. "உருக்கியாச்சுண்ணே" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"யாரு உருக்கச் சொன்னது?"

"அம்மா."

கடைவீதியில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மாவா" என்றார். பிறகு, "அவுகளுக்கும் தாங்கல போல" என்றார். அம்மா தன் கையை விரித்துக் காட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு இதை எழுதுகிற வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த வீட்டில் யாரும் உயிரோடு இல்லை.

எழுந்தவர் போகாமல் நின்றார். பட்டறைப் பக்கம் பார்த்தார்.

"அந்தச் சின்னச் சக்கரத்துல ஒண்ணே ஒண்ணு... மூசையில போடும்போது தவறிக் கீழ விழுந்திருக்குமா? மிளகு மாதிரிதானே இருக்கும்."

விழுந்திருக்க முடியாது. விழுந்திருந்தாலும் எத்தனையோ தடவை அங்கே சாம்பல் அள்ளிச் சலித்தாயிற்று. துருத்தி ஊதியவன் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய், அடுப்புக்கடியில் இருந்த பலகையை நகர்த்தினேன். கரியையும் சாம்பலையும் கையால் கிளறினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சலவைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். நாங்கள் எழுந்திருக்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தோம்.